வெடிக்காத ரயர்

காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற வீடு, இங்கே ஜெர்மனியில் நாங்கள் வோன்வாகன் என்று சொல்வது, அதன் ரயர் ஒன்று வெடித்தால் முன்னால் ஓட்டுகிறவருக்கு அநேகமாகத் தெரியவே தெரியாது. காரின் ரயர் போனால் கையில் உணரலாம். பின்னால் வருவது ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ள பாரமான வண்டி என்றால், ஒன்று கிழிந்து தொங்க மற்றது சத்தமில்லாமல் இரண்டு பேரின் வேலையையும் செய்துகொண்டு ஓடும். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், விளக்கை வெட்டிக் காட்டுவார்கள். ஓட்டுகிறவர் தன்னை அவசரப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மிதிப்பார்.

ஹம்பேர்க்குக்கும் ஹனோவருக்கும் இடையில் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வீதி உதவி வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவள் நான். இப்போது அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து அதே வேலைக்கு வந்திருக்கிற உங்களில் பலர் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்வி. வாடிக்கையாளரிடம் ஏலாது என்று எப்போது சொல்வது? சொன்னால் அவர் கோபிப்பாரே, முறைப்பாடு எழுதுவாரே, நாங்கள் உதவி செய்யத்தானே அனுப்பப்பட்டோம்? இதற்கு எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் பதில் சொல்லித் தரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

சில கோடைகளுக்கு முன், பாடசாலை விடுமுறை தொடங்கிய வெள்ளிக்கிழமை. வடக்கே போகிற பக்கம் முழுவதும் கார்களும் அவற்றுக்குப் பின்னால் வீடுகளும். வெயில் தாருக்கு மேல் தண்ணீர் போல் மினுங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டறையிலிருந்து அழைப்பு வந்தது. ஓரப்பாதையில் ஒரு வோன்வாகன், வலப்பக்க முன்சக்கரம் வெடித்திருக்கிறது, மூன்று பேர்.

அவசர காலத்தில் நாங்கள் முதலில் சொல்வது எல்லோரும் இறங்கி இரும்பு வேலிக்கு அங்கால் போய் நில்லுங்கள் என்பதைத்தான். போய்ச் சேர்ந்தபோது வேலிக்கு அங்கால் ஒரு பெண் மட்டும் நின்றார். மஞ்சள் பாதுகாப்பு மேலங்கி, அதற்குள் சுரிதார். ஓர் ஆண், வோன்வாகனை இழுத்து வந்த வானின் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலேயே ஒட்டி நின்றார். என்னைக் கண்டதும், என் முகத்தைப் பார்த்ததும், ஜெர்மனில் தொடங்கிய வசனத்தைத் தமிழில் முடித்தார்.

"தமிழோ? கடவுளே, நல்லது. தங்கச்சி, மகன் உள்ளுக்க இருக்கிறான். அவனை இறக்க ஏலாது."

வானுக்குள் சக்கரக் கதிரையில் ஓர் இளைஞர். தலையைத் தாங்குவதற்குக் கழுத்தின் இரு பக்கமும் பஞ்சணை. டிரெஸ்டனில் கணினி படிப்பவர் என்று பிறகு அறிந்தேன். அவருடைய கதிரையை வானின் பின்கதவால், சாய்பலகை விரித்துத்தான் இறக்கலாம். பின்கதவுக்கு நேரே வோன்வாகனின் கொழுவி. அதைக் கழற்றாமல் கதவு திறவாது. ஓரப்பாதையில், ஒரு முழம் தள்ளி லொறிகள் போய்க்கொண்டிருக்கிற இடத்தில், அதைக் கழற்றுவது என்பது நினைத்தும் பார்க்கக்கூடாத வேலை.

நான் தகப்பனிடம் கேட்கவில்லை, மகனிடமே கேட்டேன். அப்பாவும் நானும் உங்களைத் தூக்கி வேலிக்கு அங்கால் புல்லில் இருத்தினால் எவ்வளவு நேரம் சமாளிப்பீர்கள்?

"கதிரை இல்லாமல் கழுத்து நிக்காது அன்ரி," என்றார். "கொஞ்ச நேரத்தில மூச்செடுக்கக் கஷ்டப்படுவன்."

சும்மா செய்தி சொல்கிற குரல். பயம் தகப்பனின் முகத்தில் இருந்தது.

காவல்துறை வண்டி வந்து பின்னால் நின்று பாதையை மறிக்கட்டும் என்று கட்டுப்பாட்டறைக்குச் சொன்னேன். அவர்கள் எல்லோரும் வேறோர் இடத்தில் விபத்தில் நிற்கிறார்கள், காத்திருங்கள் என்று பதில் வந்தது. ஒழுங்கும் அதுதான். ஆனால் அந்த ஒழுங்கு, ஆட்கள் வேலிக்கு அங்கால் நிற்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. இங்கே ஒருவர் இங்கால் இருக்கிறார், அவர் அங்கால் போக வழியில்லை. முன்னால் பார்த்தேன். கண்ணுக்கெட்டும் தூரத்தில் தரிப்பிடத்தின் நீலப் பலகை தெரிந்தது.

தொங்கிய ரப்பர் பட்டியை வெட்டி எறிந்தேன். தாயை வேலிக்கு அங்காலேயே நடந்து வரச் சொன்னேன். நாங்கள் இப்போது நகர்கிறோம், பொறுப்பு என்னுடையது என்று கட்டுப்பாட்டறைக்கு அறிவித்தேன். தகப்பன் தயங்கினார். இப்படியே உருட்டினால் சக்கரத்தின் இரும்பு றிம் நாசமாகிவிடும் என்றார்.

"போனால் போகட்டும் அண்ணை. றிம் வாங்கலாம். நடக்கிற வேகத்தில போங்கோ, நான் பின்னால வாறன்."

என் வண்டியின் மஞ்சள் விளக்குகளைச் சுழலவிட்டு, அவர்களுக்கும் லொறிகளுக்கும் நடுவில் என்னை வைத்துக்கொண்டு பின்னால் போனேன். இரும்பு தாரில் உரசுகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. வேலிக்கு அங்கால் அந்தப் பெண் உயரமான புல்லுக்குள் சேலை தூக்குவது போல் சுரிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வானின் பக்க யன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்தார். மகன் உள்ளிருந்து தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார் என்று தாய் பிறகு சொன்னார்.

தரிப்பிடத்தில் மரநிழல் இருந்தது. வோன்வாகனைக் கழற்றி, சாய்பலகையை விரித்து, மகனை இறக்கியதும் எல்லோரும் சேர்ந்து தண்ணீர் குடித்தோம். இந்த முடிவைப் பற்றிப் பிறகு அலுவலகத்தில் கேட்டார்கள். நான் சொன்னேன், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

ஆனால் நான் சொல்ல வந்த ஏலாது இன்னும் வரவில்லை.

தகப்பன் மேலதிகச் சக்கரத்தை எடுத்து வந்து என் காலடியில் வைத்தார். அவர்கள் கீல் துறைமுகத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்து பின்னேரம் ஒஸ்லோவுக்குக் கப்பல். தாயின் தமையன் அங்கே இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டபோது ஆளுக்கொரு நாட்டுக்குப் போனவர்கள் அண்ணனும் தங்கையும். அதன் பிறகு நேரில் காணவில்லை. அவருக்கு இப்போது உடம்பு சுகமில்லை, பயணம் செய்ய மாட்டார். சக்கரக் கதிரை போகக்கூடிய அறை அந்தக் கப்பலில் மிகக் குறைவு, குளிர்காலத்திலேயே பதிந்து வைத்திருந்தார்கள். இன்று விட்டால் அடுத்து எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

"இதைப் போட்டுத் தாங்கோ தங்கச்சி, நாங்கள் போறம்," என்றார்.

நான் வெடித்த ரயரைப் பார்க்கவில்லை. வெடித்தது தன் கதையைச் சொல்லி முடித்துவிட்டது. அதே பக்கத்தில் அதற்குப் பின்னால் இருந்த, வெடிக்காத ரயரைத்தான் பார்த்தேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. வீதியில் படுகிற பக்கத்துப் பூ தேயவில்லை, வெடிப்பில்லை, புதிது. அன்று காலை காற்று பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்திருந்தார், வண்டியில் ஒட்டியிருந்த அளவுப்படியே. வேகம்? அளவாகத்தான் வந்தார். குளிர்காலம் முழுக்க ஒரே இடத்தில் பாரத்தோடு நிறுத்தி வைத்திருந்தாரா? இல்லை, முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி வைத்திருந்தார். இப்படிக் கவனமானவரை நான் அந்த வீதியில் அதிகம் கண்டதில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. காற்றும் சரி, வயதும் சரி, வேகமும் சரி என்றால் ரயர் எதற்காக வெடித்தது?

இடப்பக்க ரயர்களில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு. வலப்பக்கம் மிச்சமிருந்ததில் கையை வைத்திருக்க முடியவில்லை. தகப்பனையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார். மற்றது வெடித்த பிறகு இதுதானே முழுப் பாரத்தையும் தூக்கியது, சுடத்தானே செய்யும் என்றார். அதுவும் உண்மைதான். அதனால்தான் அதை நம்ப ஏலாது என்றேன். காரணம் தெரியாமல் புதுச் சக்கரத்தை மட்டும் போட்டு உங்களை ஆட்டோபானில் ஏற்றிவிட மாட்டேன். இரண்டையும் கழற்றி, ரயர்கடையில் உள்ளே பார்க்க வேண்டும்.

அது கப்பல் போய்விடும் என்று அர்த்தம். தகப்பனுக்குக் கோபம் வந்தது.

"நான் வாழ்நாள் முழுக்க இரும்போட வேலை செய்தவன். பழுதான சாமான் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ? ஒரு தமிழாள் வந்திருக்கு எண்டு சந்தோசப்பட்டன். ஒரு ஜெர்மன்காரன் வந்திருந்தால் போட்டுத் தந்திட்டுப் போயிருப்பான்."

அவர் ஹனோவரில் இரும்பு ஒட்டும் பட்டறையில் வேலை செய்பவர். கைகளைப் பார்த்தாலே தெரிந்தது. நான் அவரோடு வாதாடவில்லை. கோபமாக இருக்கிறவருக்கு விளக்கம் சொல்லப் போகாதீர்கள், அவர் விளக்கத்தோடும் சண்டை பிடிப்பார். சக்கரத்தை நான் பூட்ட மாட்டேன் என்று இன்னொருமுறை, அதே குரலில் சொன்னேன். நீங்களே பூட்டலாம், உங்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் நட்டுக் கழற்றும் சாவியை எடுத்தார்.

அப்போதுதான் மகன் கதிரையைத் திருப்பிக்கொண்டு அருகில் வந்தார்.

"அப்பா," என்றார். "திருப்பி வெடிச்சால் நீங்களும் அம்மாவும் வேலிக்கு அங்கால போவீங்கள். நான் இஞ்சாலதான் இருப்பன்."

குந்தியிருந்த தகப்பன் எழும்பி, சாவியை என்னிடம் நீட்டினார்.

வண்டிக்கு நல்ல முட்டுக் கொடுத்து இரண்டு சக்கரத்தையும் கழற்றினோம். தாயையும் மகனையும் நிழலில் விட்டுவிட்டு, தகப்பனை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் ரயர்கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்கு நெடுநாள் பழக்கம், அதிகம் பேசாத ஜெர்மன்காரர். வெள்ளிக்கிழமை வேளைக்குப் பூட்டுகிறவர், திறப்புக்கொத்தைத் திரும்பவும் மேசையில் வைத்தார். வெடிக்காத ரயரை றிம்மிலிருந்து கழற்றி, வண்டிக்குக் கீழே உட்பக்கமாக இருந்த அதன் பக்கச் சுவரை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அங்கே உள்ளங்கை அளவு வீக்கம் ஒன்று இருந்தது. பூட்டியிருக்கும்போது வெளியில் நின்று பார்க்கிற ஒருவருக்கும் அது தெரியாது. ரயருக்குள் கறுப்புத் தூள் குவிந்து கிடந்தது. சுவர் உள்ளே அரைபட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

தகப்பன் ரயருக்குள் கையை விட்டார். வெளியே எடுத்து விரல்களைப் பார்த்தார், காற்சட்டையில் துடைத்தார். மறுபடி கையை விட்டார். இப்படியான நேரத்தில் 'நான் சொன்னேனே' என்று சொல்ல வாய் வரும். வரட்டும், விழுங்கிவிடுங்கள்.

கடைக்காரரிடம் அதே அளவில், கூடிய பாரம் தாங்குகிற இரண்டு ரயர் இருந்தன. நல்ல ஒரு றிம்மும் தேடி எடுத்துத் தந்தார். ஆனால் புது ரயர் போட்டால் முடிந்தது என்று அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் பாதி வேலைதான் செய்தவள் ஆவேன். வெடித்த காரணம் இன்னும் வண்டிக்குள்தான் இருந்தது. புது ரயரையும் அது மெல்ல மெல்லத் தின்னும்.

கடைக்குக் கொஞ்சம் தள்ளிக் கல்லும் மணலும் விற்கிற இடம், அங்கே லொறி நிறுக்கும் தராசு உண்டு. தரிப்பிடத்துக்குத் திரும்பிச் சக்கரங்களைப் பூட்டி, எல்லோருமாக அதன் பின்னால் போகிற சின்ன வீதியால் வோன்வாகனை மெதுவாக அங்கே கொண்டுபோனோம். முதலில் வோன்வாகனின் எல்லாச் சக்கரமும் தராசில். யன்னலுக்குள் இருந்த பெண் எண்ணை வாசித்தாள். அனுமதித்த பாரத்துக்குள்தான் இருந்தது. தகப்பன் என்னைப் பார்த்தார். இப்போது வலப்பக்கச் சக்கரங்கள் மட்டும் தராசில் நிற்கும்படி ஓட்டச் சொன்னேன். அவள் வாசித்தாள், பிறகு பிழையாகப் பார்த்துவிட்டேனோ என்பது போல் இன்னொருமுறை வாசித்தாள். இடப்பக்கத்தை விட வலப்பக்கம் அவ்வளவு கூடுதல்.

உள்ளே ஏறிப் பார்த்தேன். வலப்பக்கச் சுவரோடு ஒரு கட்டில். மின்சாரத்தில் ஏறி இறங்கி, தலைப்பக்கமும் கால்பக்கமும் தனித்தனியே நிமிரும். ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லை, கையால் செய்தது. இரும்புச் சட்டம், ஒட்டு ஒவ்வொன்றும் தைத்தது போல் நேர்த்தி. மகனின் கை படக்கூடிய மூலைகள் எல்லாவற்றையும் உருட்டித் தேய்த்து, மேலே தோல் சுற்றியிருந்தது. இந்தக் கட்டில் வந்த பிறகுதான் அந்தக் குடும்பம் வீட்டுக்கு வெளியே இரவு தங்கத் தொடங்கியதாம். கட்டிலுக்குக் கீழே அதை இயக்குகிற பெரிய பற்றறிகள். அவற்றுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. மிச்ச இடத்தில் ஒஸ்லோவுக்கு அரிசி மூட்டைகள், மிளகாய்த்தூள், மா, உரல் ஒன்று.

தகப்பன் வாசலில் நின்று நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"அப்ப நான் செய்த கட்டில்தானோ?" என்று கேட்டார்.

என் வேலைக்காலத்தில் பாரமான வண்டிகளுக்குக் கீழே படுத்திருக்கிறேன், பனியில் நின்றிருக்கிறேன். இந்தக் கேள்வியளவுக்கு ஒன்றும் என்னை யோசிக்க வைக்கவில்லை. இல்லை என்று பொய் சொன்னால் அவர் அதே வண்டியோடு வீதிக்குப் போவார். ஓம் என்று மட்டும் சொன்னால் அந்தக் கட்டிலை அவர் வெட்டி எறிந்துவிடுவார்.

"கட்டிலில ஒரு பிழையும் இல்லை அண்ணை," என்றேன். "இடப்பக்கத்தில ஒண்டும் இல்லை. அதுதான் பிழை. ஒரு பக்கம் இவ்வளவு பாரம் எண்டால், மற்றப் பக்கமும் அதுக்கு ஏற்ற மாதிரி இருக்க வேணும்."

அவர் உள்ளே ஏறி இடப்பக்க அலுமாரிகளைத் திறந்தார். உடுப்புகள், தலையணைகள், ஒரு மடக்கு மேசை. எல்லாம் பஞ்சு. நிலத்தில் குந்தி, சட்டத்தைத் தட்டிப் பார்த்து, பற்றறிகளை இங்கே இறுக்கலாம், தொட்டியை வெறுமையாக்கலாம், அரிசி அச்சுக்கு நேரே வரட்டும், உரல் வானுக்குப் போகட்டும் என்று தானே சொல்லிக்கொண்டு போனார். அவருடைய குரல் திரும்பி வந்துவிட்டது, அதற்குக் குறுக்கே நிற்க எனக்கு என்ன தேவை?

இதற்குள் கப்பல் போய்விட்டிருந்தது. தாய் முதல்முறையாக அழுதார், சத்தமில்லாமல், முகத்தை வானின் பக்கம் திருப்பிக்கொண்டு. தகப்பன் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மகன் கைபேசியைக் காதில் வைத்துக் கப்பல் நிறுவனத்தோடு பொறுமையாக ஜெர்மனில் பேசினார். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அந்த அறை இல்லை. நன்றி சொல்லி வைத்தார். பிறகு தாயைப் பார்த்தார்.

"கப்பல் எதுக்கு அம்மா? டென்மார்க்கால பாலம் இருக்கு, சுவீடனுக்கு. அங்கயிருந்து ரோட்டால நோர்வே. அறை இல்லை எண்டால் என்ன, எங்களிட்டக் கட்டில் இருக்குத்தானே."

அந்தப் பிள்ளை அதைச் சொன்னபோது தகப்பனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தாய் கண்ணைத் துடைத்துவிட்டு அங்கேயே நின்று ஒஸ்லோவுக்குப் போன் எடுத்தார். ஒரு நாள் பிந்தி வருகிறோம், ரோட்டால் வருகிறோம், உரலும் வருகிறது என்று சொல்லிச் சிரித்தது கேட்டது.

ரயர்கடைக்காரர் அன்றிரவு தன் முற்றத்தில் தங்க விட்டார், பட்டறையையும் திறந்து வைத்தார். தகப்பன் பற்றறிகளை இடப்பக்கம் மாற்றி இறுக்கினார்.

வேலை தெரிந்த யாரும் உங்களிடம் காற்றைப் பற்றிச் சொல்வார்கள். கேளுங்கள். குளிர்ந்திருக்கும்போது பார், நட்டுகளைக் கொஞ்சத் தூரம் ஓடிய பின் திரும்ப இறுக்கு, வயதான ரயரை நம்பாதே. எல்லாம் சரி. நான் கூடச் சொல்வது ஒன்றுதான். காற்றுப் பார்க்கிற கருவி காற்றை மட்டும்தான் காட்டும். வண்டிக்குள் என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்பதை நீங்கள் ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்கிற விதத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்த நாள் காலை, வேலை தொடங்க முன்னம் அந்த முற்றத்துக்குப் போனேன். புதிதாகப் பூட்டிய சக்கரங்களின் நட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டு வழியனுப்பலாம் என்று நினைத்தேன். வானின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தகப்பன் முழங்காலில் நின்று வோன்வாகனுக்குக் கீழே தலையை விட்டு, ரயரின் உட்பக்கச் சுவரைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் முடித்து இடப்பக்கம் போனார். நான் என் நட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிட்டப் போனேன்.

அவர் எழும்பி, கையைத் தட்டிக்கொண்டார்.

"நான் பார்த்திட்டன் தங்கச்சி," என்றார். "நாலையும் பார்த்திட்டன், உள்ளயும் வெளியயும். உங்கட வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ, நாங்கள் வெளிக்கிடப் போறம்."

நான் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, வழியை விட்டேன்.